வீட்டிலேயே விமானம் கட்டலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "எதைப் பத்திப் பேசட்டும்?" என்று கேட்டேன். "எதை வேணும்னாலும் பேசுங்க சார், தோல் ஏற்றுமதி மட்டும் வேண்டாம். போன வருஷமும் அதுதான்" என்றார். எனக்கு ஷூ கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை. தோலை விட்டால் எனக்குத் தெரிந்தது இன்னும் ஒன்றே ஒன்று. அது விமானம். பெரிய விமானம் இல்லை. தனி மனிதர்கள் வீட்டுக் கொட்டகையில் தங்கள் கையால் கட்டுகிற சின்ன விமானம்.

சிரிக்காதீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது ஒரு பொழுதுபோக்கு. நம் ஊரில் ஒருவர் பத்து வருஷம் காசு சேர்த்துச் சொந்த வீடு கட்டுகிறார் அல்லவா, அதுபோல அங்கே சிலர் கார் நிறுத்தும் அறையில் விமானம் கட்டுகிறார்கள். 1953ஆம் ஆண்டு பால் போபரெஸ்னி என்பவர் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். இ.ஏ.ஏ. என்று அதைச் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஆஷ்காஷ் என்ற ஊரில் அவர்கள் கூடுகிற விழாவுக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்குகின்றன. ரிச்சர்ட் வேன் க்ரன்ஸ்வன் என்ற ஒரு பொறியாளர் வடிவமைத்த ஆர்.வி. வகை விமானங்கள் மட்டும், வாங்கியவர்களே கட்டி முடித்துப் பறந்தவை, 11,000க்கும் மேல். அங்கே சட்டத்தின் கணக்கு ரொம்ப எளிது. வேலையில் பாதிக்கு மேல் நீயே செய்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவும் பொழுதுபோக்கவும் செய்திருக்க வேண்டும். அப்போதுதான் அது "வீட்டில் கட்டியது" என்று பதிவாகும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். நம் சென்னையிலேயே 1910இல் இது நடந்திருக்கிறது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், 1909 ஜூலையில் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தியைக் கேட்டு ஆசைப்பட்டார். தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்ய வைத்தார். பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டார். பிறகு தீவுத்திடலில் பொதுமக்களுக்குக் காட்டினார். அலகாபாத்தில் 1911 பிப்ரவரி 18ஆம் தேதி உலகின் முதல் விமானத் தபால் பறந்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முந்தின வருஷமே நம் பல்லாவரம்! பலகாரக் கடையும் ஹோட்டலும் நடத்தியவர் வடிவமைத்தார், வண்டி கட்டுகிறவர்கள் செய்தார்கள்.

நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், விமானம் என்பது ஏதோ வேற்றுலகப் பொருள் இல்லை. இந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக் கைகளுக்கு அதில் முக்கால்வாசி வேலை ஏற்கெனவே தெரியும்.

டேனரியில் ஈரத் தோலைச் சட்டத்தில் இழுத்து, டாகிள் மாட்டிக் காய வைக்கிறோம். காய்ந்ததும் தோல் விறைப்பாக நிற்கிறது. துணி போர்த்திய விமானச் சிறகும் அப்படித்தான். மரச்சட்டத்தின் மேல் பாலியஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் துணி சுருங்கி மத்தளம் மாதிரி இறுகும். அந்த இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் துணிமேல் வைப்பார்கள். ஃபினிஷிங் பிரிவில் தோலுக்கு மேல்பூச்சாக நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் அடிக்கிறோம். பழைய விமானங்களின் துணிக்கு அடித்த பூச்சும் அதே நைட்ரோ செல்லுலோஸ் குடும்பம்தான். அந்தத் துணி காற்றில் பிய்ந்து போகாமல் இருக்க, நூல் கோத்து ஒவ்வொரு விலாச்சட்டத்தோடும் சேர்த்து, சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டுத் தைக்க வேண்டும். நம் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கிற பெண்களுக்கு இது ஒரு மத்தியான வேலை. ரைட் சகோதரர்களே தங்கள் விமானத்தின் சிறகுத் துணியைத் தையல் மெஷினில்தான் தைத்தார்கள்.

எல்லாம் தெரியும் என்கிற இந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

1992 மார்ச் மாதம் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் தொடங்கப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். என் வகுப்புத் தோழர் ஒருவர் ஆம்பூரில் ஷூ மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம். அவருக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் சேர்ந்து தபாலில் ஒரு வரைபடம் வரவழைத்தோம். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய மர விமானம். ஆளோடும் பெட்ரோலோடும் சேர்த்து மொத்த எடை 250 கிலோ. பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தோம். இரண்டு வருஷத்தில் ஒரு சிறகு முடிந்தது. அனுமதி கேட்டு அரசுக்கு எழுத வேண்டிய கடிதம் மட்டும் எழுதப்படவே இல்லை. "முதல்ல கட்டுவோம், அப்புறம் கேட்போம்" என்று இருந்துவிட்டோம். அது தப்பு. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. எங்கள் கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில் விமானப் படையில் விமான உடற்பகுதி பார்க்கும் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் எட்டிப் பார்த்தார். சிறகைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. மூட்டை வெச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

மூட்டை வைத்துப் பார்ப்பது என்றால் என்ன? சிறகைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பகுதியை இரும்புச் சட்டத்தில் முறுக்கிப் பூட்டி, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்க வேண்டும். பறக்கும்போது காற்று மேலே தூக்குகிற விசைக்குப் பதிலாக மணல் கீழே அழுத்தும். சாதாரணமாக நேரே பறக்கும்போது சிறகுகள் விமானத்தின் எடையைத்தான் தாங்கும். ஆனால் 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் சுமை இரண்டு மடங்காகிவிடும். அப்போது ஒரு காற்று வேறு அடித்தால் இன்னும் கூடும். அதனால் 3.8 மடங்கு வரை வளைந்து நிற்காமல் தாங்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்றரைப் பங்கு வரை உடையக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் விமானத்துக்கு 3.8 மடங்கு என்றால் 950 கிலோ. ஒரு சிறகுக்கு அதில் பாதி. சிறகின் சொந்த எடைக்கு உரிய கழிவு போக, ஏறத்தாழ 360 கிலோ மணல். பத்துக் கிலோ மூட்டை 36.

எனக்கு அதில் இஷ்டமே இல்லை. "இரண்டு வருஷ வேலை சார், மூட்டை வெச்சு கீறல் விழுந்துட்டா?" என்றேன். பெரியவர் கோபப்படவில்லை. "கீறல் விழுறதா இருந்தா இங்கயே விழட்டும் தம்பி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்தோம். மூட்டையெல்லாம் பாலாற்று மணல். முடிந்ததும் கொண்டாட வேண்டும் என்று பாய் பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தார். பத்து மூட்டை, பதினைந்து மூட்டை. சிறகு வில் மாதிரி மெல்ல வளைந்தது. அது வளையத்தான் வேண்டும். இருபதாவது மூட்டையில் பெரியவர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே வைக்க ஆரம்பித்தார். 22ஆவது மூட்டை. பலகை முறிகிற சத்தம்கூட வரவில்லை. ஏதோ பேப்பர் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். சிறகு நடுவில் மடங்கி மணல் எல்லாம் தரையில் கொட்டியது.

யாரும் பேசவில்லை. பெரியவர் உள்ளே கையை விட்டு, சிறகின் முதுகெலும்பு போன்ற நீளச் சட்டத்தில் இரண்டு மரத்துண்டுகள் சேர்கிற இடத்தைப் பிய்த்து எடுத்தார். அதை நான் இன்று கொண்டு வந்திருக்கிறேன். இதோ, இதுதான். பின் வரிசைக்குத் தெரியாது. மேடையை விட்டு இறங்கும்போது மாணவர்கள் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு மரங்களையும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று நீளச் சரிவாகச் சீவி, சரிவின்மேல் சரிவு வைத்து எபாக்சி பசை போட்டு ஒட்டிய இடம் இது.

"மரம் கிழிஞ்சிருக்கா பாரு தம்பி" என்றார்.

"இல்ல சார். வழவழன்னு இருக்கு."

"அப்போ மரம் உடையல. பசை பிடிக்கவே இல்ல."

பாய்க்கு உடனே புரிந்துவிட்டது. ஷூ கம்பெனியில் சோல் ஒட்டியதைப் பிய்த்துப் பார்ப்போம். நல்ல ஒட்டு என்றால் தோலின் நாரையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும். சுத்தமாகக் கழன்று வந்தால் ஒட்டு சரியில்லை. தோலைச் சுரண்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது எண்ணெய்ப் பசை இருந்திருக்கும். இது எங்கள் இரண்டு பேருக்கும் தினசரி வேலை. தினமும் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமை மறந்துவிட்டோம்.

எண்ணெய்ப் பசை எங்கிருந்து வந்தது? ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைப்போம். அந்தத் துணியைக் கொண்டு வந்தவன் நான். ஃபினிஷிங் பிரிவில் இருந்து, துவைத்து மடித்த வெள்ளைத் துணி. பார்வைக்குச் சுத்தம். ஆனால் தோலுக்கு மெத்தென்ற வழுவழுப்பு வருவதற்காக அங்கே சிலிக்கோன் கலந்த பூச்சு போடுவார்கள். அதைத் துடைத்த துணி. சிலிக்கோன் ஒரு தடவை துணியில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. அது பட்ட இடத்தில் எந்தப் பசையும் நிற்காது. நான் அக்கறையாகத் துடைத்த ஒவ்வொரு இணைப்பையும் நானே கெடுத்திருக்கிறேன்.

நண்பர்களே, இதில் பயங்கரம் எது தெரியுமா? 22 மூட்டை வரை அது தாங்கியது. அப்படியென்றால் அந்தச் சிறகோடு விமானம் பறந்திருக்கும். முதல் நாள் பறந்திருக்கும். காற்றில்லாத காலை வேளையில் அப்துல்லாபுரம் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியிருப்போம். மாலை போட்டிருப்பீர்கள். பத்திரிகையில் போட்டோ வந்திருக்கும். "ஆம்பூர் வாலிபர்கள் சாதனை" என்று எழுதியிருப்பார்கள். பிறகு ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில், தெரிந்தவர்கள் கீழே நின்று கையசைக்க, கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து திரும்பியிருப்போம். அந்த ஒரு ஆள் உட்காருகிற இருக்கையில் பாய் இருந்திருப்பார், அல்லது நான். மோசமான விமானம் உடனே விழுந்துவிடாது. நம்பிக்கை வருகிற வரை பறக்கும்.

பிரியாணி அண்டா அப்படியே இருந்தது. மணல் அள்ளிப் போட வந்த பையன்களுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த ஞாயிறு அந்தச் சிறகை ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கினோம். ரிப்பேர் பண்ணிப் பறக்கலாம் என்று யாருக்கும் ஆசை வரக்கூடாது என்று பெரியவர் சொன்னார்.

எங்களுக்கு மட்டும் வந்த கதை இல்லை இது. பிரான்சில் ஆன்ரி மின்யே என்பவர் 1933இல் ஒரு குட்டி விமானம் செய்தார். "வானத்துத் தெள்ளுப்பூச்சி" என்று அதற்குப் பெயர் வைத்தார். பெட்டி செய்யத் தெரிந்தவன் இதையும் செய்யலாம் என்று சொல்லி 1934இல் புத்தகம் போட்டார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் தச்சர்களும் மெக்கானிக்குகளும் ஏராளமாகக் கட்டினார்கள். 1935, 36இல் ஒருவர் பின் ஒருவராக விழுந்து இறக்க ஆரம்பித்தார்கள். கட்டியவர்கள் வேலையில் குறையா என்று முதலில் பார்த்தார்கள். கடைசியில் முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. முன் சிறகும் பின் சிறகும் மிக நெருக்கமாக இருந்தன. விமானம் கீழ்நோக்கிப் பாயும் கோணத்துக்குப் போய்விட்டால் இடையில் ஓடும் காற்று பின் சிறகைத் தூக்கி, மூக்கை மேலும் கீழே தள்ளும். ஓட்டுகிறவர் கம்பை எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. மின்யே பொய் சொல்லவில்லை. அவர் அதில் பறந்தவர்தான். அவருக்குத் தெரியாத ஒன்று அவர் வடிவமைப்பில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க வேறு ஒரு கண் தேவைப்பட்டது.

அதனால்தான் வெற்றி பெற்றவர்களின் கதையைப் படிக்கும்போது, கட்டியவர் யார் என்பதோடு, பார்த்துச் சொன்னவர் யார் என்றும் தேடுவேன். கேரளத்தில் தொடுபுழா அருகே சஜி தாமஸ் என்பவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஆசைப்பட்டு, பல வருஷம் உழைத்து இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2014இல் அது பறந்தது. எங்கே? நம் அம்பாசமுத்திரம் அருகே மணிமுத்தாறில். ஓட்டியது விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு விங் கமாண்டர். அவருடைய கதையைத் தழுவித்தான் 2017இல் "விமானம்" என்ற மலையாளப் படம் வந்தது. கட்டியவரை நான் வணங்குகிறேன். தன் வேலையைத் தெரிந்தவர் கையில் கொடுத்து "பாருங்கள்" என்ற அந்த மனசையும் வணங்குகிறேன்.

மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016இல் மும்பையில் நடந்த "மேக் இன் இந்தியா" கண்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. பதிவு எண் கிடைத்தது 2017இல். பறந்து சோதிக்க அனுமதி கிடைத்தது 2019இல். அலுவலகப் படி ஏறி இறங்கி அலைந்தது கட்டியதைவிடக் கஷ்டம் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். எனக்கும் முன்பு கோபம்தான் வரும். தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சோதனையே வேண்டாம் என்று யாராவது சொன்னால், இந்த மரத்துண்டை எடுத்துக் காட்டுவேன்.

கொட்டகையில் கட்டுகிற விமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் என்பவர், நுரைப் பலகையை அறுத்து வடிவாக்கி அதன்மேல் கண்ணாடி இழைத் துணியும் எபாக்சியும் போர்த்தும் முறையில், வீட்டில் கட்டுவதற்கென்றே லாங் ஈ.இசட். என்ற விமானத்தை வடிவமைத்தார். 1979இல் அது பறந்தது. பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் ருஸ்தம் தமானியாவின் குழு 1980களில் அதை அடிப்படையாக வைத்து ஒரு ஆராய்ச்சி விமானம் செய்தது. அதிலிருந்துதான் டி.ஆர்.டி.ஓ.வின் ருஸ்தம்-1 ஆளில்லா விமானம் பிறந்தது. பேராசிரியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2010இல் அது வெற்றிகரமாகப் பறந்த இடம் ஓசூர் அருகே. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு மூன்றே விஷயம் சொல்லி முடிக்கிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒன்று, சின்னதில் ஆரம்பியுங்கள். ஆளில்லாத மாதிரி விமானம் செய்யுங்கள். எஸ்.ஏ.இ. போன்ற அமைப்புகள் கல்லூரி மாணவர்களுக்கு விமான வடிவமைப்புப் போட்டி நடத்துகின்றன. அதில் கலந்துகொள்ளுங்கள். மாதிரி விமானம் விழுந்தால் இரண்டு நாள் வருத்தம், அவ்வளவுதான்.

இரண்டு, சட்டத்தை முதலிலேயே படியுங்கள். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வடிவமைப்பும் அதன் கீழ் வருகிறது. மாதிரி விமானத்துக்கும் டிரோனுக்கும் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள் இருக்கின்றன. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அரக்கோணம் கடற்படைத் தளம் இருக்கிறது, மறக்க வேண்டாம்.

மூன்று, உங்கள் வேலையை இன்னொருவரிடம் காட்டுங்கள். இ.ஏ.ஏ. சங்கத்தில் இதற்கென்றே அனுபவசாலிகள் சம்பளம் இல்லாமல் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்துக் குறை சொல்கிறார்கள். டேனரியில் பதனிட்டவரே தன் தோலுக்கு முதல் தரம் என்று முத்திரை குத்திக்கொள்வதில்லை. செலக்‌ஷன் பார்க்க வேறு ஆள் வருவார், வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பார். அவர்மேல் நமக்குக் கோபம் வரும். ஆனால் அவர் பார்த்த பிறகுதான் சரக்கு கப்பல் ஏறும். வீடு கட்டினாலும், பாலம் கட்டினாலும், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதினாலும் இதே கதைதான்.

எங்கள் விமானம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னொரு சிறகு கட்டினோம். கடையில் வாங்கிய புதுத் துணி, ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும் ஒரு மாதிரித் துண்டு ஒட்டிக் காய வைத்து உடைத்துப் பார்த்தோம். அது 36 மூட்டையையும் தாங்கியது. அதற்குள் எங்கள் பிள்ளைகள் படிப்பு, வீட்டுச் செலவு என்று வந்துவிட்டது. எஞ்சின் வாங்கக் காசு சேரவில்லை. எங்கள் விமானம் பறக்கவில்லை.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. பாய் இருக்கிறார், அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் கதையை எங்காவது மாற்றிச் சொல்கிறேனா என்று கவனித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு ஒருவர் வந்து மூட்டை வைக்கச் சொல்லாமல் இருந்திருந்தால், இன்று எங்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் இந்த விழாவுக்கு வந்திருப்போம்.